தோல் சாப்ஸ்: ஐந்து குளிர்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகருக்குக் குடிவந்த ஆண்டிலேயே நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் க்ரூஸர் வகை மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன் என்றாலும், ஜீன்ஸுக்கு மேலே தோல் சாப்ஸ் அணியத் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். இப்போது ஐந்து குளிர்காலங்கள் ஆகின்றன. இதற்குள் இரண்டு சாப்ஸ் வாங்கியிருக்கிறேன். முதலாவதை மோட்டார் சைக்கிள் திருவிழா ஒன்றின் கூடாரக்கடையில் 80 டாலர் கொடுத்து அவசரத்தில் வாங்கினேன். இரண்டாவதை, நகரத்துக்கு வடமேற்கே ஹில் கன்ட்ரி எனப்படும் குன்றுப் பகுதியில் குதிரைச் சேணம் தைக்கும் ஒருவரிடம் அளவு கொடுத்து, ஏழு வாரம் காத்திருந்து, 340 டாலருக்கு வாங்கினேன். இவ்விரண்டையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் இந்த உடை எங்கே, எதற்காகத் தோன்றியது என்பதைச் சொல்லாமல் இதன் நிறைகுறைகளைச் சொல்ல முடியாது, ஏனெனில் நான் கண்ட நிறைகளுக்கும் குறைகளுக்கும் காரணம் அந்தப் பிறப்பிலேயே இருக்கிறது.

பார்த்திராதவர்களுக்காக முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் கட்டும் அகலமான ஒரு தோல் பெல்ட்டிலிருந்து இரண்டு தோல் குழாய்கள் இறங்கி, தொடை முதல் குதிகால்வரை இரு கால்களையும் தனித்தனியாகச் சுற்றிக்கொள்கின்றன. முன்பக்கத்தில் கவட்டுப் பகுதியும் பின்பக்கத்தில் இருக்கைப் பகுதியும் திறந்தே இருக்கும். அங்கெல்லாம் உள்ளே அணிந்த ஜீன்ஸ்தான் தெரியும். குழாய்களின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஜிப் ஓடுவதால், பூட்ஸைக் கழற்றாமலே சாப்ஸை அணியலாம், கழற்றலாம். முதல் நாள் நான் இடக்காலையும் வலக்காலையும் மாற்றிப் போட்டு, ஜிப் இரண்டும் கால்களுக்கு நடுவே உரச, வாத்துபோல் நடந்து வண்டிவரை போனேன். அன்று மாலை வீடியோ அழைப்பில் என்னைப் பார்த்த அம்மா, "என்னப்பா இது, பேண்ட்டு மேல பேண்ட்டு? பின்னாடிக்கு மட்டும் தோல் பத்தலையா?" என்று கேட்டார். வாணியம்பாடியில், தோல் பதனிடும் டேனரிகளின் வாடையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். தோல் பற்றாமல் போவது என்பது அவருக்கு நியாயமான கவலை. அந்தக் கேள்வியை நான் அப்போது சிரித்துக் கடந்துவிட்டேன். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதற்கான விடைதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்ஸ் என்று எழுதினால் நம்மவர்களுக்கு ஆட்டு நெஞ்செலும்பு வறுவல்தான் நினைவுக்கு வரும். இங்குள்ள மாடு மேய்ப்பவர்கள் உச்சரிப்பதுபோல ஷாப்ஸ் என்று எழுதினாலோ கடைத்தெரு ஆகிவிடும். இரண்டில் உணவே மேல் என்று சாப்ஸ் என்றே எழுதுகிறேன். அந்த ஷகர உச்சரிப்புக்கும் காரணம் உண்டு: இது ஆங்கிலச் சொல் அன்று. மெக்ஸிகோவின் ஸ்பானிய மொழியில் இதன் முழுப்பெயர் சாபரேராஸ். சாபரோ என்பது குட்டையாக அடர்ந்து வளரும் ஒருவகைப் புதர்மரம். அத்தகைய புதர்கள் மண்டிய காட்டுக்குச் சாபரால் என்று பெயர். புதர்க்காட்டுக்குள் போக அணிவது சாபரேராஸ். ஆக, உடையின் பெயரிலேயே முள் இருக்கிறது.

அந்த முள்ளை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெற்கு டெக்ஸாஸின் புதர்க்காடுகளில் மிகுதியாக வளரும் மெஸ்கீட் மரமும், நம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் பிடித்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சீமைக்கருவேலம் இந்த அமெரிக்கக் கண்டத்து நாடுகளிலிருந்து நம்மிடம் வந்த மரம்தான். விறகு வெட்டப் போய்க் காலில் அதன் முள் தைத்தவர்கள், குதிரைமேல் அமர்ந்து, ஓடும் மாட்டை விரட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குள் பாய்வதை ஒரு கணம் எண்ணிப்பார்க்கலாம். வக்கேரோ என்று அழைக்கப்பட்ட மெக்ஸிகோ மாடு மேய்ப்பவர்களுக்கு அதுவே அன்றாட வேலை. அவர்கள் முதலில் கண்ட தீர்வு உடையே அன்று: சேணத்தின் முன்கொம்பிலிருந்து இருபுறமும் பெரிய மாட்டுத்தோல் இரண்டைத் தொங்கவிட்டு, அவற்றைத் தம் கால்கள்மேல் போர்த்துக்கொண்டார்கள். அதற்கு ஆர்மாஸ் என்று பெயர். பிறகு அந்தத் தோல் சிறிதாகி, சேணத்திலிருந்து மனிதனின் இடுப்புக்கு மாறி, ஆர்மீட்டாஸ் ஆயிற்று. அதிலிருந்து இன்றைய வடிவங்கள் கிளைத்தன.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், டெக்ஸாஸின் மாட்டு மந்தைகளைக் கான்ஸாஸ் மாநிலத்து ரயில் நிலையங்கள்வரை நடத்திக்கொண்டுபோகும் தொழில் பெருகியது. 1870களின் இறுதிக்குள் டெக்ஸாஸ் கௌபாய்களிடையே சாப்ஸ் பரவலாகிவிட்டது. அவர்கள் அணிந்தது, காலோடு ஒட்டி நேராக இறங்கும் ஷாட்கன் என்ற வகை. இரட்டைக்குழல் துப்பாக்கிபோல் தெரிவதால் அந்தப் பெயர். 1874-இல் ஜோசப் க்ளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபின், மரத்து முள்ளோடு இரும்பு முள்ளும் சேர்ந்துகொண்டது. பிற்காலத்தில் ஓரங்கள் விரிந்து சிறகடிக்கும் பேட்விங் வகை வந்தது. பூட்ஸும் அதன் குதிமுள்ளும் அணிந்தபடியே எளிதாகப் போடலாம், காற்றும் புகும். மொன்டானா போன்ற வடக்குச் சமவெளிகளின் பனிக்காலத்துக்கு ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோலில் வூலீஸ் என்ற வகை தைத்தார்கள்.

இவை அனைத்திலும் பின்புறம் ஏன் திறந்திருக்கிறது என்ற கேள்விக்கு, என் இரண்டாவது சாப்ஸைத் தைத்தவர் தம் பட்டறையில் இருந்த ஒரு சேணத்தைத் தட்டிக்காட்டினார். குதிரைக்காரனின் பின்புறத்தைச் சேணம் காக்கிறது. முள் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் வருகிறது. எனவே முன்னும் பக்கமும் மூடினால் போதும்; பின்னால் தோல் வைத்தால் வெயிலில் வேகும், நடக்க முடியாது, பணமும் வீண். ஆங்கிலத்தில் பின்புறமற்ற சாப்ஸ் என்று கேலியாக ஒரு தொடர் வழங்குகிறது. பின்புறம் இருந்தால் அது கால்சட்டை ஆகிவிடும். ஆகவே அந்தத் தொடரை நன்னூலார் பார்த்திருந்தால் கூறியது கூறல் என்ற குற்றத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்திருப்பார்.

அதே பட்டறையில் அவர் காட்டிய இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. குதிரைக்காரர்கள் வேலைக்கு அணியும் சாப்ஸில், பெல்ட்டின் முன்பக்கத்தை மெல்லிய தோல் வாரால் முடிச்சிட்டிருப்பார்கள். பக்கிள் முதுகுப்புறம் இருக்கும். குதிரை துள்ளும்போது பெல்ட் சேணக்கொம்பில் மாட்டிக்கொண்டால் ஆள் தொங்கிவிடாமல் அந்த மெல்லிய வார் அறுந்து அவனை விடுவிக்க வேண்டும் என்பதற்காக. மோட்டார் சைக்கிளில் கொம்பு இல்லை. எனவே பக்கிள் முன்னால் வந்துவிட்டது, கயிற்றுப் பின்னல் முதுகுக்குப் போய்விட்டது. அங்கே அது இடுப்பளவைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே பயன்படுகிறது.

மோட்டார் சைக்கிளின் தொடக்ககாலத்தில் ஓட்டிகள் அணிந்தவை பெரும்பாலும் குதிரைக்காரர்களிடமிருந்து வந்தவையே: தொடையில் புடைத்து முழங்காலுக்குக் கீழே இறுகும் பிரீச்சஸ், உயரமான பூட்ஸ், கணுக்காலுக்கு மேலே கட்டும் தோல் பட்டை. ஹார்லி-டேவிட்சன் 1903-இல் தொடங்கியது; மோட்டார் சைக்கிளுக்கென்றே தைக்கப்பட்டுப் புகழ்பெற்ற, ஷாட் நிறுவனத்தின் பெர்ஃபெக்டோ தோல் ஜாக்கெட் 1928-இல், ஐந்தரை டாலர் விலையில் வந்தது. மேலுடம்புக்கு அப்படித் தோல் வந்துவிட்ட நாட்டில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் கால்களுக்கும் தோல் தேடியவர்கள் கண்முன் கௌபாயின் சாப்ஸ் தயாராக இருந்தது. அதில் ஷாட்கன் வகையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பேட்விங் வகையின் சிறகுகள் 100 கிலோமீட்டர் வேகத்தில் படபடப்பதையும், சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்குவதையும் கற்பனை செய்தாலே காரணம் விளங்கும். எஃகுக் குதிரை என்று மோட்டார் சைக்கிளைச் சொல்லிக்கொள்ளும் மக்களுக்கு, கௌபாய் உடையை அணிவதில் ஒரு தோரணையும் இருந்தது. அந்தத் தோரணை இன்றும் விற்பனையில் பாதிப் பங்கு வகிக்கிறது என்பதே என் எண்ணம். அதில் தவறில்லை. நானும் கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் முதல் சாப்ஸை வாங்கினேன்.

இனி, அணிந்து கண்டது. சாப்ஸ் வாங்குவதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சரியான காரணம் குளிர்தான். சான் அன்டோனியோவின் ஜனவரி விடியல் நான்கைந்து டிகிரி செல்சியஸுக்கு இறங்குவது சாதாரணம். கேட்பதற்கு அது பெரிய குளிராகத் தோன்றாது. ஆனால் அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் காற்றுக்குளிர் அட்டவணையின்படி, நான்கு டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகக் காற்று தோலில் படும்போது அது பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரிபோல் உறைக்கும். நெடுஞ்சாலையில் நம் வேகமே அந்தக் காற்று. அந்தக் காற்று முதலில் தாக்குவது முழங்கால் சில்லையும் தொடையின் மேற்பரப்பையும்தான். ஜீன்ஸ் துணிக்குள் காற்று ஊசிபோல் இறங்கும். இருபது நிமிடத்தில் தொடை மரத்துப்போய், பிரேக் மிதியை அழுத்தும் கால் நம்முடையதா என்ற ஐயம் எழும். சாப்ஸ் போட்ட முதல் காலை, அதே சாலையில், அதே ஜீன்ஸில், ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கியபோது தொடை வெதுவெதுப்பாக இருந்தது. தோலுக்குள் காற்று புகாது என்ற ஒரே காரணந்தான். கவட்டும் பின்புறமும் திறந்திருப்பதால் குளிராதா என்று கேட்பவர்களுக்கு: முன்னால் எரிபொருள் தொட்டி மறைக்கிறது, பின்னால் இருக்கை மறைக்கிறது. குதிரையில் சேணம் செய்த வேலையை இங்கே வண்டியே செய்துவிடுகிறது. முள்ளைப் போலவே காற்றும் முன்னாலிருந்துதான் வருகிறது. ஆகவே முள்ளுக்குத் தைத்த உடை காற்றுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

பகல் ஏறி வெயில் வந்ததும், எரிபொருள் நிலையத்தில் நின்ற நிலையிலேயே ஜிப்பை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, சுருட்டிப் பக்கப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். காலையில் நான்கு டிகிரியும் மாலையில் இருபத்தைந்தும் காட்டும் ஊரில் இந்த வசதி முழுத்தோல் கால்சட்டைக்குக் கிடையாது. வேறு சிறு நன்மைகளும் உண்டு. காற்றால் குளிரும், இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் நிற்கும் வி-ட்வின் எஞ்சினின் பின் சிலிண்டரும் புகைக்குழாயும் வலக்காலின் உட்பக்கத்தை வாட்டுவதைத் தோல் வெகுவாகத் தடுக்கிறது. லாரி டயர் எற்றிவிடும் சரளைக்கல் தொடையில் பட்டால் சுள்ளென்று இருக்காது. கோடையிலோ, 38 டிகிரிக்கு மேல் கொளுத்தும் நாட்களில், சாப்ஸை நான் தொடுவதே இல்லை. போக்குவரத்து விளக்கில் மூன்று நிமிடம் நின்றால் முழங்காலுக்குப் பின்னால் வியர்வை ஓடையாகிவிடுகிறது.

கூடாரக்கடையில் வாங்கிய முதல் சாப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஏமாந்த விதத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே தைத்திருந்த சீட்டில் அசல் தோல் என்று போட்டிருந்தது. அது பொய்யன்று, மாட்டுத்தோலைக் குறுக்காகப் பிளந்து, மேற்பரப்பை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டபின் எஞ்சும் அடிப்படலமும் அசல் தோல்தான். ஸ்பிளிட் எனப்படும் அதன்மேல் நிறமும் பிளாஸ்டிக் பூச்சும் ஏற்றி, தோல் வரிகளை அச்சுக்குத்தி விற்பார்கள். டேனரி ஊரில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மடித்துப் பார்த்தால் மேற்பரப்புத் தோலில் நுண்ணிய சுருக்கங்கள் ஓடி மறையும். பூச்சுத் தோலில் மடிப்பு ஒரே கோடாக, அட்டைபோல் விழும். வெட்டிய ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் நல்ல தோலில் மேலே இழைகள் நெருங்கியும் கீழே தளர்ந்தும் இருக்கும். ஸ்பிளிட்டில் எல்லா இடத்திலும் பஞ்சுபோல் ஒரே தளர்ச்சி. திருவிழா இரைச்சலில் நான் மடித்தும் பார்க்கவில்லை, ஓரத்தையும் பார்க்கவில்லை. முதல் மழையில் கறுப்புச் சாயம் ஜீன்ஸின் தொடைவரை இறங்கியது. இரண்டாவது குளிர்காலத்தில் இடமுழங்காலில் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. மூன்றாவதில், வலப்பக்க ஜிப்பின் பற்கள் நான்கு ஒரே நாளில் விழுந்து, நெடுஞ்சாலையில் ஒரு கால் கொடிபோல் பறக்க வீடு வந்தேன்.

இரண்டாவது சாப்ஸ் வேறு சாதி. மேற்பரப்பு சீவப்படாத முழு மாட்டுத்தோல், மூன்று அவுன்ஸ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன். தோல் வணிகத்தில் அவுன்ஸ் என்பது தடிமனைக் குறிக்கும் அளவு. ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். தைத்தவர் அளவெடுத்த விதமே ஒரு பாடம். ஓட்டும்போது அணியும் அதே ஜீன்ஸையும் பூட்ஸையும் அணிந்து வரச்சொன்னார். தொடையின் மிகப் பருத்த இடத்தில், கவட்டுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி, நாடாவை இறுக்கியே பிடித்தார். தோல் பழகப் பழக விரியும், இப்போது வசதியாக இருந்தால் ஆறு மாதத்தில் தொளதொளத்துவிடும் என்றார். நீளத்தை மட்டும் நிற்கவைத்து அளக்காமல், பட்டறையில் இருந்த மரக்குதிரையில் உட்காரவைத்து அளந்தார். முழங்காலை மடக்கினால் சாப்ஸ் நான்கு விரற்கடை மேலேறிவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் சாப்ஸில் எப்போதும் என் பூட்ஸுக்கு மேலே ஒரு பட்டை ஜீன்ஸ் குளிரில் நனைந்துகொண்டிருந்ததன் காரணமும் அதுவே. தையல் நூல் நைலான், ஜிப் பித்தளைப் பற்களுடையது, ஜிப்பின் உட்புறம் காற்றுத்தடுப்பாக இரண்டு விரல் அகலத் தோல் மடிப்பு, முழங்கால்வரை உட்புறம் வழுக்கும் துணி. பெல்ட் பக்கிளின்மேல் தோல் மூடி ஒன்று வைத்தார். அது இல்லாவிட்டால் எரிபொருள் தொட்டியின் வண்ணத்தில் பக்கிள் கோலம் போடும்.

தோலைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பழைய சேணம் ஒன்றின் தாவரப் பதனீட்டுத் தோலை நீட்டி முகர்ந்துபார்க்கச் சொன்னார். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய சரக்கைப் பற்றி நான் சொன்னேன். ஆவாரம்பூவைக் கைப்பேசியில் காட்டியும் அவர் நம்பவில்லை, இவ்வளவு சிறிய செடியின் பட்டையா என்று இருமுறை கேட்டார். மோட்டார் சைக்கிள் சாப்ஸ் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்ட தோல். அது மெல்லியதாகவும் வளைந்துகொடுப்பதாகவும் நீரைச் சற்றுத் தாங்குவதாகவும் இருக்கும். என்னுடையதும் அதுதான். மழையில் நனைந்தால் நிழலில், விசிறிக்காற்றில், தொங்கவிட்டே உலர்த்துகிறேன். ஹீட்டர் அருகே வைத்து ஒரு கையுறையை மரப்பட்டைபோல் ஆக்கிய அனுபவம் போதும். ஆண்டுக்கு இருமுறை தோலுக்கான கண்டிஷனர் தடவுவதோடு பராமரிப்பு முடிந்தது. மூன்று குளிர்காலத்தில் ஒரு தையல்கூட விடவில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின், சாலையில் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். லீக்கி என்ற ஊரைச் சுற்றி 335, 336, 337 எண்கொண்ட மூன்று பண்ணைச் சாலைகள் குன்றுகளுக்கிடையே நெளிந்து ஓடுகின்றன. டெக்ஸாஸ் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அவை புனிதத் தலம்போல. இரண்டாவது சாப்ஸ் வாங்கிய மறு பிப்ரவரியில் அங்கே ஓர் இடவளைவில், முந்தைய நாள் மழை அடித்துக்கொண்டுவந்த சரளையில் முன்சக்கரம் நழுவ, மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து சில அடி தூரம் தேய்ந்தேன். எழுந்து பார்த்தால், முழங்காலின் வெளிப்பக்கத்தில் தோல் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துச் சொரசொரப்பாகியிருந்தது. அடியில் ஜீன்ஸுக்கு ஒன்றுமில்லை, காலில் கீறலும் இல்லை. அதே கோட்டில் மேலே, சாப்ஸ் முடிந்து பெல்ட்டை நோக்கி வளையும் இடத்துக்குப் பின்னால், இடுப்பெலும்பின் மேட்டில் ஜீன்ஸ் நைந்து பிய்ந்து, தோலும் அதனோடு போயிருந்தது. காயத்தின் முன் ஓரம் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருந்தது. அந்தக் கோடு சாப்ஸின் விளிம்பு. இரண்டு வாரம் வலப்பக்கமாகவே படுத்தேன். அம்மாவிடம் காயத்தை மறைத்துவிட்டேன், ஆனால் பின்னாடிக்குத் தோல் பத்தலையா என்ற அவர் கேள்வி ஒவ்வொரு முறை மருந்து போடும்போதும் காதில் ஒலித்தது.

சாப்ஸின் அடிப்படைக் குறை இதுதான். விலை உயர்ந்ததானாலும் மலிவானதானாலும் இது மாறாது. முள்ளும் காற்றும் முன்னாலிருந்து வருகின்றன. தார்ச்சாலையோ, விழுந்தவனை இடுப்பிலும் பின்புறத்திலும்தான் முதலில் பிடிக்கிறது. குதிரைக்காரனுக்குச் சேணம் காத்த இடத்தை, வண்டியிலிருந்து பிரிந்து தேயும் மனிதனுக்குக் காக்க எதுவுமில்லை. இதோடு, பெரும்பாலான சாப்ஸில் முழங்காலுக்கும் இடுப்புக்கும் அதிர்ச்சி தாங்கும் பட்டைகள் வைக்க இடமே கிடையாது. என்னுடைய இரண்டிலும் இல்லை. தேய்வைத் தாங்கும் உடை வேறு, மோதலைத் தாங்கும் உடை வேறு.

கால்களுக்குக் காப்பு தேவையே என்பதில் ஐயமில்லை. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கை, தலை, கழுத்து நீங்கலான உடற்காயங்களில் பாதியளவு தொடை முதல் பாதம்வரையான பகுதியில் ஏற்பட்டவை என்று கண்டது. கனமான பூட்ஸ், ஜாக்கெட், கையுறை போன்றவை சிராய்ப்பையும் கிழிசலையும் குறைக்கின்றன என்றும், அத்தகைய காயங்கள் அடிக்கடி நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தாவது அரிது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இதைச் சாப்ஸ் விற்பவர்கள் மறந்துவிடக் கூடாது: தோல் காப்பது நம் தோலை, எலும்பை அன்று.

அமெரிக்காவில் தலைக்கவசத்துக்குக் கூட்டரசின் தரவிதி உண்டு. மோட்டார் சைக்கிள் உடைக்கு அப்படி ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் 2020 முதல் இஎன் 17092 என்ற தரமுறை, தேய்வு, கிழிசல், தையல் வலிமை ஆகியவற்றைச் சோதித்து உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என வகைப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மோட்டோகேப் என்ற அரசு சார்ந்த திட்டம் 2018 முதல் கடையில் வாங்கிய உடைகளை ஆய்வகத்தில் தேய்த்துப்பார்த்து நட்சத்திர மதிப்பீடு தருகிறது. சான் அன்டோனியோ கடைகளில் நான் எடுத்துப்பார்த்த சாப்ஸ் ஒன்றிலும் இத்தகைய முத்திரை எதுவும் இல்லை. முத்திரை இல்லாத தோல் எல்லாம் மோசம் என்று பொருளல்ல. ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், மோட்டார் சைக்கிளுக்கென்றே தயாரித்த கால்சட்டைகளிலேயே 28 விழுக்காடு விபத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் அதே ஆய்வு, அத்தகைய உடை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு குறைந்திருந்ததையும் காட்டியது. நல்ல உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

எனவே விழுந்ததற்குப் பின் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை வைத்து, தேய்வைத் தாங்கும் அராமிட் என்ற செயற்கை இழை கலந்து நெய்த, ஏஏ முத்திரையுள்ள ஓட்டுநர் ஜீன்ஸ் ஒன்றை வாங்கினேன். கோடையில் அது மட்டும். குளிர்காலத்தில் அதன்மேல் சாப்ஸ். தேய்வுக்கு ஜீன்ஸை நம்புகிறேன், காற்றுக்குச் சாப்ஸை நம்புகிறேன். முழங்காலின் பட்டை புடைப்பதால் கீழ்ப்பகுதி ஜிப்பை மூடக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தைத்தவரிடம் போய் இடக்காலிலும் வலக்காலிலும் முக்கோண ஒட்டு ஒன்று சேர்த்து வாங்கிவந்தேன், அதற்கு 25 டாலர். வேக வண்டிகள் ஓட்டுபவர்களுக்கும், நாள்தோறும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவர்களுக்கும், பட்டைகளோடு கூடிய முழுக் கால்சட்டையையே சொல்வேன். க்ரூஸரில் நிமிர்ந்து அமர்ந்து, குளிர்ந்த காலையும் சூடான மாலையும் உள்ள ஊரில் ஓட்டுகிறவர் என்றால், சாப்ஸ் தரும் வசதிக்கு ஈடு வேறில்லை. 340 டாலரை மீண்டும் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன். 80 டாலரை மீண்டும் கொடுக்க மாட்டேன்.

அந்த 80 டாலர் சாப்ஸை நான் எறிந்துவிடவில்லை. ஜிப் போன வலக்காலுக்கு மூன்று தோல் வார் வைத்துக் கட்டி, நகரத்துக்குத் தெற்கே நிலம் வாங்கியிருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். அவர் வாரந்தோறும் அதை மாட்டிக்கொண்டு தம் நிலத்து மெஸ்கீட் புதர்களை வெட்டுகிறார். போன மாதம் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன்: பூச்சு முக்கால்வாசி உதிர்ந்து, தொடையெங்கும் முள் கிழித்த வெள்ளைக் கோடுகள். உள்ளே திருப்பி விரலால் தடவினேன். ஒரு முள்ளும் அந்தப்பக்கம் வரவில்லை.